செம்மறி ஆட்டின் ரத்த அணுக்களில் ப்ரியான் புரதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தவறாக மடிந்த ப்ரியான் புரதத்தால் செம்மறி ஆடுகளின் மூளையைச் சிதைக்கும் ஸ்க்ரேபி நோய் என்றாலே மூளை, தண்டுவடம் என்றுதான் பேச்சு போகும். ரத்தத்தைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு, கேட்பவர்களும் பெரும்பாலும் பாதி படித்த குழப்பத்தோடுதான் வருகிறார்கள். அப்படி வரும் கேள்விகளைத் தொகுத்து, என்னால் முடிந்த அளவு நேராகப் பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளும், சில ஒரு வரியில் முடியும், கேள்வி அப்படி.

ஆட்டின் ரத்தத்தில் ப்ரியான் புரதம் இருந்தால் அந்த ஆட்டுக்கு நோய் என்று அர்த்தமா?

இல்லை. ஆரோக்கியமான செம்மறி ஆட்டின் ரத்தத்திலும் அது இருக்கும். பாலூட்டிகள் எல்லாவற்றிலும் இந்தப் புரதத்துக்கான மரபணு உண்டு. ஆட்டில் அது முதலில் 256 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியாக உருவாகி, இரண்டு முனைகளிலும் கொஞ்சம் வெட்டப்பட்டு, கொழுப்புச் சேர்ந்த ஒரு நங்கூரத்தின் மூலம் அணுவின் வெளிப்பரப்பில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அதுவரை எந்தத் தொல்லையும் கிடையாது.

தொல்லை தருவது அதே புரதத்தின் தவறாக மடிந்த வடிவம். அமினோ அமில வரிசை ஒன்றுதான், ஒரு எழுத்துகூட மாறாது. ஆனால் இயல்பான வடிவத்தில் சுருள்கள் அதிகம், நோய் வடிவத்தில் தட்டையான அடுக்குகள் அதிகம். அந்த அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டி இழைகளாகச் சேர்கின்றன, பக்கத்தில் இருக்கும் இயல்பான புரதத்தையும் தன் வடிவத்துக்கே இழுத்துவிடுகின்றன. புரதத்தைச் செரிக்கும் நொதியைப் போட்டால் இயல்பு வடிவம் முழுவதும் கரைந்து போகும், நோய் வடிவத்தின் நடுப்பகுதி மட்டும் கரையாமல் நிற்கும். ஆய்வகத்தில் இரண்டையும் பிரித்தறியப் பல காலமாக நம்பியிருப்பது இந்த வேறுபாட்டைத்தான்.

இனிமேல் 'இயல்பு வடிவம்', 'நோய் வடிவம்' என்று மட்டும் சொல்கிறேன். ப்ரியான் என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை அதிலேயே வருகிறது.

வைரஸும் இல்லை, பாக்டீரியாவும் இல்லை, வெறும் புரதம் நோயைப் பரப்பும் என்பதை எப்படி நம்புவது?

விஞ்ஞானிகளே நம்ப மறுத்த விஷயம்தான். 1936-இல் பிரான்சில் குயே, ஷெல் என்ற இரண்டு கால்நடை ஆய்வாளர்கள், ஸ்க்ரேபி கண்ட ஆட்டின் நரம்புத் திசுவை நல்ல ஆட்டுக்குச் செலுத்தினால் ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்த பிறகு அதுவும் நோய்ப்படுகிறது என்று காட்டினார்கள். எல்லாரும் மெதுவாக வேலை செய்யும் ஏதோ வைரஸ் என்றே நினைத்தார்கள். 1967-இல் டிக்வா ஆல்பர் குழு புற ஊதாக் கதிரை அடித்துப் பார்த்தது. மரபுப் பொருள் உள்ள எதையும் சிதைக்கிற அளவுக்கு அடித்தும் இந்த நோய்ப்பொருள் அசையவில்லை. 1982-இல் ஸ்டான்லி ப்ரூசினர் இது புரதம்தான் என்று சொல்லி அதற்கு ப்ரியான் என்று பெயரும் வைத்தார், 1997-இல் நோபல் பரிசும் வாங்கினார். இடையில் அவர் வாங்கிய திட்டும் கொஞ்சநஞ்சமில்லை.

எனக்கு உறுதியாகப் படும் ஆதாரம் வேறு. இந்தப் புரதத்துக்கான மரபணுவை நீக்கிய எலிகளை 1992-இல் உருவாக்கினார்கள். அவற்றுக்கு எவ்வளவு நோய்ப்பொருளைச் செலுத்தினாலும் நோய் வரவில்லை. மாற்றுவதற்கு இயல்பு வடிவமே உடம்பில் இல்லாதபோது நோய் வடிவம் பெருக வழியில்லை.

இயல்பு வடிவத்துக்கு ரத்தத்தில் என்ன வேலை?

மேலே சொன்ன எலிகள் பிறந்தன, வளர்ந்தன, குட்டி போட்டன. நார்வேயில் ஒரு பால் ஆட்டு இனத்தில் இயற்கையாகவே இந்தப் புரதம் உருவாகாத வெள்ளாடுகளை 2012-இல் கண்டுபிடித்தார்கள், அவையும் சாதாரணமாகவே வாழ்கின்றன. அதனால் இது இல்லாவிட்டால் உயிர் போய்விடும் என்கிற வகைப் புரதம் இல்லை. ஆனால் வேலையே இல்லை என்றும் சொல்ல முடியாது. எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்களுக்கெல்லாம் மூலமான தண்டணுக்களின் மேல் இது இருக்கிறது. புரதம் இல்லாத எலிகளின் மஜ்ஜையைத் திரும்பத் திரும்ப மாற்று எலிகளுக்குப் பொருத்தினால் அது சீக்கிரம் சோர்ந்துவிடுகிறது என்று 2006-இல் ஒரு ஆய்வு காட்டியது. வயதான எலிகளில் நரம்பின் மேலுறை கெடுவதையும் பார்த்திருக்கிறார்கள். ஒரே ஒரு பெரிய வேலை என்று இதுவரை எதையும் சுட்டிக்காட்ட முடியவில்லை.

எந்த ரத்த அணுவில் எவ்வளவு இருக்கிறது?

செம்மறி ஆட்டைப் பொறுத்தவரை தெளிவாகக் கிடைப்பது லிம்போசைட், மோனோசைட் ஆகிய வெள்ளணுக்களின் மேற்பரப்பில். வெள்ளணுக்களிலேயே இன்னொரு பெரிய கூட்டமான கிரானுலோசைட்டுகளின் மேல் தேடினால் கிட்டத்தட்ட ஒன்றும் கிடைப்பதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. மனித ரத்தத்தைப் பற்றிப் படித்துவிட்டு அதையே ஆட்டுக்கும் பொருத்திப் பேசுகிறவர்கள் நிறைய. மனிதனில் தட்டணுக்களுக்குள், அதாவது ரத்தம் உறைய உதவும் அந்தச் சிறு துணுக்குகளுக்குள், இந்தப் புரதம் ஏராளமாகப் பொதிந்திருக்கிறது, தட்டணு தூண்டப்பட்டால் வெளியே வருகிறது. எலியில் வேறு மாதிரி, வெள்ளெலியில் (ஹாம்ஸ்டர்) வேறு மாதிரி. ஒரு விலங்கின் அட்டவணையை இன்னொன்றுக்கு எடுத்துப்போட்டால் தப்பாகத்தான் முடியும். அப்புறம், கண்டுபிடிக்கப் பயன்படுத்தும் ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தைத் தேடி ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறு) புரதத்தின் எந்தப் பகுதியைப் பிடிக்கிறது என்பதைப் பொறுத்தும் எண்கள் மாறும். இரண்டு ஆய்வுகளின் எண்கள் ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் அவர்கள் எந்த ஆன்டிபாடியைப் பயன்படுத்தினார்கள் என்று பாருங்கள், பாதி நேரம் விடை அங்கேயே இருக்கும்.

ஆட்டுக்கு ரத்தம் எடுத்து 'ஸ்க்ரேபி டெஸ்ட்' செய்தார்கள், நல்ல முடிவு வந்தது. நோய் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. பெரும்பாலும் அது நோய்க்கான பரிசோதனையே இல்லை, மரபணு வகைப் பரிசோதனை. ரத்தத்தில் உள்ள வெள்ளணுக்களிலிருந்து டிஎன்ஏ-வை எடுத்துப் படிக்கிறார்கள் (பாலூட்டிகளின் சிவப்பணுவில் கரு கிடையாது என்பதால் அதில் டிஎன்ஏ கிடைக்காது). இந்த ஆட்டுக்கு ஸ்க்ரேபி தொற்றினால் எளிதில் பிடிக்குமா, பிடிக்காதா என்பதை அது சொல்லும். இப்போது நோய் இருக்கிறதா என்பதைச் சொல்லாது.

பார்க்கும் இடங்கள் மூன்று: புரதச் சங்கிலியின் 136, 154, 171-ஆம் அமினோ அமிலங்கள். அந்த மூன்று இடத்திலும் இருக்கும் அமிலங்களின் குறியெழுத்தைச் சேர்த்து எழுதுவதுதான் ஏ.ஆர்.ஆர்., ஏ.ஆர்.க்யூ., வி.ஆர்.க்யூ. போன்ற பெயர்கள். அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என ஒவ்வொரு ஆட்டுக்கும் இரண்டு இருக்கும். இரண்டுமே ஏ.ஆர்.ஆர். என்றால் வழக்கமான ஸ்க்ரேபிக்கு மிகுந்த எதிர்ப்பு உண்டு. இரண்டுமே வி.ஆர்.க்யூ. என்றால் மிக எளிதில் பிடிக்கும். பிரிட்டன் 2001-இல் தொடங்கிய தேசியத் திட்டம் இதை வைத்துத்தான் நடந்தது: கிடாக்களின் ரத்தத்தை எடுத்து, வகை பார்த்து, எளிதில் பிடிக்கும் வகையை இனப்பெருக்கத்திலிருந்து விலக்குவது.

நோய் வடிவம் ரத்தத்துக்குள் எப்படி வந்து சேர்கிறது?

பெரும்பாலும் வாய் வழியாகத்தான் தொடக்கம். குட்டி எதையோ நக்குகிறது, தின்கிறது, அதோடு உள்ளே போகிறது. சிறுகுடலின் கடைப்பகுதிச் சுவரில் நிணநீர்த் திசுத் திட்டுகள் உண்டு, இளம் ஆடுகளில் அவை நன்றாக விரிந்து பரந்திருக்கும். அங்கே தங்கிப் பெருகுகிறது. பிறகு டான்சில், நிணநீர்க் கணுக்கள், மண்ணீரல் என்று பரவுகிறது. இந்த உறுப்புகளில் நிலையாக உட்கார்ந்திருக்கும் கிளையுள்ள ஒருவகை அணுக்கள்தான் அதற்குப் பிடித்தமான இடம். அவற்றின் மேல் இயல்பு வடிவம் நிறைய இருக்கிறது, அதாவது மாற்றுவதற்கு மூலப்பொருள் நிறைய.

இப்போது லிம்போசைட்டுகளை நினைத்துப் பாருங்கள். அவை ஓரிடத்தில் இருப்பதில்லை. ரத்தத்திலிருந்து நிணநீர்க் கணுவுக்குள் போய், கொஞ்ச நேரம் தங்கி, மறுபடி ரத்தத்துக்கே திரும்புகின்றன. நோய்ப்பொருள் நிறைந்த கணுக்களுக்குள் தினமும் போய்வரும் அணு அதைச் சுமந்து வராவிட்டால்தான் ஆச்சரியம். ஸ்க்ரேபி தொற்றிய ஆடுகளின் ரத்தத்தில் நோய் வடிவம் பி-லிம்போசைட்டுகளின் ஒரு பிரிவோடு சேர்ந்திருப்பதை 2010-இல் பிரிட்டனில் ஒரு குழு காட்டியது. அந்தக் கிளையணுக்களோடு நெருங்கிப் பழகுபவை பி-லிம்போசைட்டுகள்தான் என்பதால் இது பொருந்தியே வருகிறது.

மாட்டில் கதை வேறு. மாடுகளின் ப்ரியான் நோயான பைத்தியப் பசு நோய் கண்ட மாட்டில் நோய் வடிவம் பெரும்பாலும் நரம்பு மண்டலத்திலேயே நின்றுவிடுகிறது, நிணநீர் உறுப்புகளில் அதிகம் பரவுவதில்லை. அதே நோய்ப்பொருளை ஆட்டுக்குக் கொடுத்தால் நிணநீர், மண்ணீரல், ரத்தம் எல்லா இடத்திலும் தென்படுகிறது. ஆக, ரத்தம் ஆபத்தா இல்லையா என்பதை நோய்ப்பொருள் மட்டும் தீர்மானிப்பதில்லை, அது எந்த உடம்புக்குள் போகிறது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

ரத்தம் ஏற்றினால் பரவும் என்பது நிரூபணமானதா, ஊகமா?

நிரூபணமானது. 2000-ஆம் ஆண்டு ஃபியோனா ஹூஸ்டன், நோரா ஹண்டர் ஆகியோரின் குழு வெளியிட்ட ஆய்வு அது. பைத்தியப் பசு நோய் கண்ட மாட்டின் மூளையில் 5 கிராமை ஆடுகளுக்கு வாய் வழியாகக் கொடுத்தார்கள். அவை வெளிப்பார்வைக்கு நன்றாக இருக்கும்போதே 400 மில்லி ரத்தம் எடுத்து, ஸ்க்ரேபி இல்லாத நியூசிலாந்து வழிவந்த செவியட் இன ஆடுகளுக்கு ஏற்றினார்கள். ஒரு ஆட்டுக்கு நோய் வந்தது, ரத்தம் ஏற்றிய 610 நாட்களுக்குப் பிறகு. அதற்கு ரத்தம் கொடுத்த ஆடு, நோய்ப்பொருள் கொடுக்கப்பட்டு 318 நாள் ஆனபோது ரத்தம் கொடுத்தது, அதாவது தொற்றிலிருந்து அறிகுறி வரையான தன் மறைவுக் காலத்தின் பாதியில், எந்த அறிகுறியும் இல்லாமல்.

அப்போது வந்த எதிர்வாதம்: ஒரே ஒரு ஆட்டை வைத்து இவ்வளவு பேசலாமா? நியாயமான கேள்விதான். ஆய்வைத் தொடர்ந்தார்கள். 2008-இல் முழு முடிவுகள் வந்தபோது, பைத்தியப் பசு நோய் ரத்தம் ஏற்றிய ஆடுகளில் 36 சதவீதத்துக்கும், இயற்கையாக ஸ்க்ரேபி பிடித்த ஆடுகளின் ரத்தம் ஏற்றியவற்றில் 43 சதவீதத்துக்கும் நோய் தொற்றியிருந்தது. அதற்குப் பிறகு அந்த எதிர்வாதம் எழவில்லை.

எவ்வளவு ரத்தம் போதும்?

இந்தப் பக்கத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இதுதான். எல்லாரும் எதிர்பார்ப்பதற்கு மாறாகப் பதில் வந்தது.

நீண்ட காலமாக இந்த ஆபத்தை எப்படி அளந்தார்கள் என்றால், ரத்தத்தை எலியின் மூளைக்குள் நேராக ஊசி போட்டு, எத்தனை எலி நோய்ப்படுகிறது என்று எண்ணினார்கள். அப்படி எண்ணினால் ரத்தத்தில் நோய்ப்பொருள் மிகக் கொஞ்சம், மூளையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். அதை வைத்து, ரத்தத்தால் பெரிய ஆபத்தில்லை என்று எழுதியவர்களும் உண்டு.

2012-இல் பிரான்சில் ஆந்த்ரேயொலெத்தி குழு, அதே ரத்தத்தை இரண்டு விதமாகவும் சோதித்தது: ஒன்று, ஆட்டுப் புரதத்தை உருவாக்கும்படி மாற்றிய எலியின் மூளையில் ஊசி, இன்னொன்று, ஆட்டுக்கு ஆட்டு ரத்தம் ஏற்றுவது. எலியில் அளந்தால் மிகக் குறைவு. ஆனால் ஆட்டுக்கு வெறும் 200 மைக்ரோலிட்டர், அதாவது ஒரு மில்லியில் ஐந்தில் ஒரு பங்கு ரத்தம் ஏற்றியபோது, ஏற்றிய அத்தனை ஆட்டுக்கும் நோய் வந்தது. ரத்தம் கொடுத்தவை அறிகுறி இல்லாத ஆடுகள். இதே குழு, நோயுற்ற மூளையை அரைத்து நல்ல ரத்தத்தில் கலந்தும் ஏற்றிப் பார்த்தது. எலிக் கணக்குப்படி நோய்ப்பொருள் அதிகம் இருந்த அந்தக் கலவை, அந்த 200 மைக்ரோலிட்டர் அளவுக்கு வீரியமாக வேலை செய்யவில்லை.

ஏன்? அடுத்து செய்ததுதான் சாமர்த்தியம். வெள்ளணுக்களை மட்டும் பிரித்து ஏற்றினார்கள், முழு ரத்தம் மாதிரியே நோய் பரவியது. ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவை மட்டும் ஏற்றினால் பரவல் குறைவு. பிறகு அந்த வெள்ளணுக்களை ஃபார்மால்டிஹைடு வகை மருந்தில் போட்டுப் பதப்படுத்திச் சாகடித்து ஏற்றினார்கள். ஃபார்மால்டிஹைடு கரைசலான ஃபார்மலின் ப்ரியானை ஒன்றும் செய்யாது என்பது பழைய கசப்பான பாடம்: 1930-களில் பிரிட்டனில் லூப்பிங் இல் என்ற வேறொரு நோய்க்கு ஆட்டுத் திசுவிலிருந்து தயாரித்து ஃபார்மலினில் பதப்படுத்திய தடுப்பூசி போட்ட மந்தைகளில், சில வருடம் கழித்து ஸ்க்ரேபி கிளம்பியது. இங்கேயும் எலி மூளையில் போட்டால் வீரியம் குறையவே இல்லை. ஆனால் ஆட்டுக்கு ஏற்றினால் பரவல் பெருமளவு படுத்துவிட்டது.

நோய்ப்பொருளின் அளவு அப்படியே இருக்கிறது, அணு மட்டும் செத்துவிட்டது, பரவல் பெருமளவு படுத்துவிடுகிறது. கடிதத்தைத் தெருவில் வீசுவதற்கும் தபால்காரர் கையில் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. உயிருள்ள வெள்ளணுவுக்குப் போக வேண்டிய விலாசம் தெரியும், தானாகவே மண்ணீரலுக்கும் நிணநீர்க் கணுவுக்கும் போய்ச் சேர்ந்து சுமையை இறக்கிவிடும். அதனால் 'ரத்தத்தில் ப்ரியான் மிகக் குறைவு, கவலை வேண்டாம்' என்று யாராவது சொன்னால், எதில் அளந்தீர்கள் என்று கேளுங்கள். அளவு குறைவு என்பது உண்மையாகவே இருக்கலாம். அதை வைத்து ஆபத்தும் குறைவு என்று சொல்ல முடியாது.

அப்படியானால் வெள்ளணுக்களை வடிகட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

குறையும், தீராது. வெள்ளெலி ரத்தத்தை வடிகட்டிப் பார்த்த 2004-ஆம் ஆண்டு ஆய்வில், வடிகட்டி நீக்கியது மொத்த நோய்வீரியத்தில் 42 சதவீதம்தான். மிச்சம் பிளாஸ்மாவோடு போய்விட்டது. செம்மறி ஆடுகளில் 2011-இல் வெளியான ஆய்வு இன்னும் நேரடியானது: மருத்துவமனையில் செய்வது போலவே ரத்தத்தைச் சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு என்று பிரித்து, வெள்ளணு நீக்கியும் நீக்காமலும் ஏற்றினார்கள். எல்லாக் கூறுகளாலும் நோய் பரவக்கூடும் என்று தெரிந்தது, வெள்ளணு நீக்கியது பரவலை முழுதாகத் தடுக்கவில்லை.

மேலே வெள்ளணுவைப் பற்றி அவ்வளவு சொல்லிவிட்டு இப்படிச் சொல்வது முரணாகத் தெரியலாம். முரண் இல்லை. வெள்ளணு திறமையான வாகனம், ஆனால் ஒரே வாகனம் இல்லை.

இதற்கெல்லாம் ஏன் ஆடு? எலியை வைத்தே செய்யலாமே?

எலியிடமிருந்து எவ்வளவு ரத்தம் எடுக்க முடியும்? ஒரு மில்லி எடுத்தாலே அதிகம். மனிதனுக்கு ரத்தம் ஏற்றுவது போல ஒரு முழுப் பை எடுத்து, அதே முறையில் பிரித்து, சேமித்து, இன்னொரு விலங்கின் நரம்பில் ஏற்ற வேண்டுமென்றால் ஆடு அளவாவது இருக்க வேண்டும். அதோடு, மனித ப்ரியான் நோய்களில் ஒன்றான புதிய வகை சி.ஜே.டி. (க்ரூட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் நோய்) கண்ட மனிதர்களிலும் நோய் வடிவம் டான்சில், மண்ணீரல் வரை பரவுகிறது, ஆட்டிலும் அப்படியே. உள்ளே நடப்பது ஒத்திருப்பதால்தான் ஆட்டு முடிவுகளை மனித ரத்த வங்கிகள் கவனித்தன.

மனிதர்களில் ரத்தம் வழியாகப் பரவியிருக்கிறதா?

பரவியிருக்கிறது. பைத்தியப் பசு நோயோடு தொடர்புடைய புதிய வகை சி.ஜே.டி. 1996-இல் பிரிட்டனில் அறிவிக்கப்பட்டது. அங்கே மொத்தம் 178 பேர் அதற்குப் பலியானார்கள். ரத்தம் கொடுத்தபோது நன்றாக இருந்து பிற்பாடு நோய் கண்டவர்களின் ரத்தத்தைப் பெற்றவர்களில், நான்கு பேருக்குத் தொற்று ஏறியது தெரியவந்தது. அதில் மூவருக்கு நோய் முற்றியது. நான்காமவர் வேறு காரணத்தால் இறந்தார், இறந்த பிறகு பார்த்தபோதுதான் மண்ணீரலில் நோய் வடிவம் இருந்தது. நால்வரும் பெற்றது வெள்ளணு நீக்காத சிவப்பணு.

கவனிக்க வேண்டியது வரிசை. முதல் மனித நேர்வு 2003 கடைசியில்தான் அறிவிக்கப்பட்டது, ஆட்டு ஆய்வு வந்தது 2000-இல். பிரிட்டன் இரண்டுக்கும் முன்பே, 1999-க்குள், தானமாக வரும் ரத்தம் எல்லாவற்றிலும் வெள்ளணுவை நீக்கத் தொடங்கிவிட்டது. ஆதாரம் முழுதாக வரும்வரை காத்திருக்காமல் எடுத்த முடிவு, செலவு பிடித்த முடிவு, அப்போது அதைக் கேலி செய்தவர்களும் இருந்தார்கள். என்னைக் கேட்டால் அந்த நிலையில் சரியான முடிவு அதுதான்.

ஆட்டு ஸ்க்ரேபி மனிதனுக்கு வருமா?

ஸ்க்ரேபி ஐரோப்பாவில் 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே தெரிந்த நோய். இத்தனை காலம் அந்த மந்தைகளோடு பழகியவர்களிடையே, அந்த இறைச்சியைத் தின்றவர்களிடையே மனித ப்ரியான் நோய் கூடுதலாக வந்ததாக எந்த ஆதாரமும் இல்லை. மனிதப் புரதம் உருவாக்கும் எலிகளின் மூளையில் ஸ்க்ரேபியைச் செலுத்தி, எலியிலிருந்து எலிக்கு மாற்றி மாற்றிக் கொடுத்தபோது பரவியதாக 2014-இல் ஒரு ஆய்வு வந்தது, அதனால் சாத்தியம் அறவே இல்லை என்று எழுத மாட்டேன். மூளையில் ஊசி போடுவதும் சாப்பாடும் ஒன்றில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ரத்தத்தைக் கொதிக்க வைத்தால் அழியாதா?

அழியாது. சாதாரணச் சமையல் சூடு, சாராயம், ஃபார்மலின், கதிர்வீச்சு எதற்கும் லேசில் அசையாது. ஆய்வகத்தில் ஒரு நார்மல் செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடில் ஒரு மணி நேரம் ஊறவைப்பது, செறிவான பிளீச்சிங் கரைசல், 134 டிகிரி செல்சியஸ் அழுத்த நீராவி என்றுதான் போவார்கள். ரத்தக் கறை காய்ந்த கருவியை அப்படியே நீராவியில் போடுவது தப்பு, காய்ந்து ஒட்டிய புரதம் இன்னும் கெட்டியாகிவிடும். ஈரமாக இருக்கும்போதே கழுவ வேண்டும்.

பண்ணையில் ஆட்டுக்கு ஆடு ரத்தத்தால்தான் பரவுகிறதா?

முக்கிய வழி அது இல்லை. ஈன்ற ஆட்டின் நஞ்சுக்கொடி, அதோடு வரும் நீர், பால், அவை விழுந்த மண், படுக்கை, இவைதான் பெரிய வழிகள். நஞ்சுக்கொடியில் ஒரு சுவாரசியம்: தாய்க்கு நோய் இருந்தாலும், அதில் நோய் வடிவம் சேருமா என்பது வயிற்றில் இருக்கும் குட்டியின் மரபணு வகையைப் பொறுத்தது. குட்டிக்கு எதிர்ப்பு வகை இருந்தால் அதன் நஞ்சுக்கொடி சுத்தமாக இருக்கலாம், அதே ஈற்றில் இரட்டையாக வந்த இன்னொரு குட்டியின் நஞ்சுக்கொடி நிறைய சுமந்திருக்கலாம். தாயின் ரத்தம் அங்கே கொண்டுவந்து சேர்க்கிறது, பெருக இடம் கொடுப்பது குட்டியின் திசு.

மண்ணில் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு ஐஸ்லாந்தில் ஒரு பண்ணை உதாரணம். மந்தையை அழித்து, 16 வருடம் கழித்துப் புதிய ஆடுகளைக் கொண்டுவந்தும் நோய் திரும்பி வந்தது.

பண்ணையில் ரத்தம் சார்ந்து நடைமுறையில் செய்யக்கூடியது: ஒரே ஊசியை எல்லா ஆட்டுக்கும் போடாதீர்கள், காது குத்தும் கருவி, வால் வெட்டும் கத்தி இவற்றை ஆட்டுக்கு ஆடு கழுவாமல் கொண்டுபோகாதீர்கள். 200 மைக்ரோலிட்டர் என்ற எண்ணைப் படித்த பிறகு இதற்கு மேல் விளக்கம் தேவையிருக்காது.

உயிரோடு இருக்கும் ஆட்டில் ரத்தம் எடுத்து நோயைக் கண்டுபிடிக்கவே முடியாதா?

ஆய்வகத்தில் முடிந்திருக்கிறது. நோய் வடிவத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் ஒரு வேதிப்பொருளைப் பயன்படுத்தி, வெள்ளணுக்களிலிருந்து அதைப் பிடித்துக் காட்டிய ஆய்வு 2009-இல் வந்தது. தொற்றிய சில மாதங்களிலேயே, அறிகுறி தோன்றுவதற்கு வெகு முன்பே பிடிக்க முடிந்தது. இன்னொரு வழி, சிறிதளவு நோய் வடிவத்தை இயல்பு வடிவம் நிறைந்த கரைசலில் போட்டு, ஒலியலையால் உடைத்து, வளரவிட்டு, மறுபடி உடைத்து என்று பெருக்குவது. 2001-இல் கிளாடியோ சோட்டோ குழு கொண்டுவந்த முறை அது. 2005-இல் வெள்ளெலி ரத்தத்திலும், 2016-இல் புதிய வகை சி.ஜே.டி. நோயாளிகளின் ரத்தத்திலும் நோய் வடிவத்தைக் கண்டுபிடிக்க அது உதவியது.

மந்தை மந்தையாகச் செய்யும் அளவுக்கு இது வராததற்குக் காரணங்கள் உண்டு. ரத்தத்தில் நோய் வடிவம் துளியூண்டு, அதைச் சுற்றி இயல்பு வடிவம் பல மடங்கு, சாதாரண ஆன்டிபாடிக்கு இரண்டும் ஒன்றுதான். சிவப்பணு உடைந்து வரும் ஹீமோகுளோபினும் கொழுப்பும் பெருக்கும் வேலையைக் கெடுக்கின்றன. நோய் பிடித்த எல்லா ஆட்டின் ரத்தத்திலும் ஒரே மாதிரி இருப்பதும் இல்லை. நிணநீர் உறுப்புகளில் பெரிதாகப் பரவாத மரபணு வகை என்றால் ரத்தம் ஒன்றும் காட்டாமல் போகலாம். ஆகவே உயிருள்ள ஆட்டில் மூன்றாவது இமையிலிருந்தோ, மலக்குடல் சுவரிலிருந்தோ சிறு துண்டு நிணநீர்த் திசுவை எடுத்துப் பார்க்கிறார்கள். இறந்த ஆட்டில் மூளைத்தண்டின் ஒரு குறிப்பிட்ட பகுதிதான் இன்றும் அடிப்படை.

ஏ.ஆர்.ஆர். ஆடுகள் மட்டும் இருந்தால் ரத்தத்தைப் பற்றிக் கவலையே வேண்டாமா?

வழக்கமான ஸ்க்ரேபிக்குக் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால் 1998-இல் நார்வேயில் முதலில் அடையாளம் கண்ட, வழக்கத்துக்கு மாறான ஸ்க்ரேபி ஒன்று உண்டு, நார்98 என்று சொல்வார்கள். அது ஏ.ஆர்.ஆர். ஆடுகளிலும் வருகிறது. பெரும்பாலும் வயதான ஆட்டில், மந்தைக்கு ஒன்றாக. நோய் வடிவம் முக்கியமாக மூளையில், குறிப்பாகச் சிறுமூளையில் தெரிகிறது, வழக்கமான சோதனைகளில் நிணநீர்க் கணுக்களில் தென்படுவதில்லை. அதனால் மூன்றாவது இமையிலோ மலக்குடல் சுவரிலோ திசு எடுத்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தாலும், அது நார்98 இல்லை என்பதற்குச் சான்றாகாது.